கொரியாவில் உங்கள் தளபதி யார்?

பிரேசர் டவுன், பெங்களூர்
29 டிசம்பர் 1991

அன்புள்ள மகள் சோஃபியாவுக்கு,

டாடி எழுதுவது. நீ மெட்ராஸ் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டு ஃபோனில் சொன்னாயாம். மம்மி என்னிடம் நேராகச் சொல்லவில்லை. சமையலறையில் நின்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். கிறிஸ்துமஸ் அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போனவனோடு என்ன பேச்சு என்று அவள் நினைக்கிறாள். அது நியாயம்தான்.

நான் எழுந்து போன காரணத்தை எழுதிவிடுகிறேன். உன் பையை நாற்காலியிலிருந்து எடுத்து வைத்தபோது காகிதங்கள் சரிந்தன. மேலே ஒரு படம். தொப்பியில் நட்சத்திரம் வைத்த ஒரு கிழவன். கீழே உன் கையெழுத்தில் "சீனப் பாதுகாப்பு மந்திரி" என்று இருந்தது. அவன் கதையை நீ தமிழில் எழுதுகிறாய். உன் அப்பன் அவர்கள் கையில் கைதியாக இருந்தவன் என்று தெரிந்தே எழுதுகிறாய்.

இங்கே நிலைமை உனக்குத் தெரியும். காவிரிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் தமிழ் போர்டுகளை இறக்கிவிட்டார்கள். மம்மி மார்க்கெட்டில் வாய் தவறியும் தமிழ் பேசுவதில்லை. நீ எந்த ஊர்க்காரன் என்று கேட்கிற காலத்தில், என் பழைய பெயரை இந்தத் தெருவுக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? "சைனா ஓஸ்வால்ட்" என்று கூப்பிட்டவர்கள் அதை மறக்க எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? நீ ஸ்கூலிலிருந்து அழுதுகொண்டு வந்ததுகூட உனக்கு மறந்துவிட்டதா?

அந்த வேலையை விட்டுவிடு. வேறு புத்தகமே கிடைக்கவில்லையா?

இப்படிக்கு,
டாடி


மெட்ராஸ்
11 ஜனவரி 1992

அன்புள்ள டாடி,

நான் அழுதுகொண்டு வந்தது மறக்கவில்லை. "எங்க டாடி ஏன் சைனா?" என்று கேட்டதும், நீங்கள் பதில் சொல்லாமல் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனதும் மறக்கவில்லை.

முதலில் ஒன்று. நீங்கள் நினைக்கிற ஆள் இவர் இல்லை. இவர் பெயர் பெங் தெஹுவாய். பாதுகாப்பு மந்திரியாக இருந்தார், உண்மை. ஆனால் 1959லேயே பதவியைப் பிடுங்கிவிட்டார்கள். நீங்கள் பிடிபட்ட சமயத்தில் அவர் பீகிங்குக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்து வீட்டில், காவலுக்குள், காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்தார். உங்களைப் பிடித்த படைக்கு அவர் மந்திரி இல்லை. ஒரு வகையில் அவரும் கைதிதான்.

ஹூனான் மாகாணத்தில் ஏழை வீடு. சின்ன வயதிலேயே அம்மா செத்துப்போனாள். ஒரு புத்தாண்டு நாளில் வீட்டில் ஒரு மணி அரிசி இல்லாமல், அண்ணனும் தம்பியும் பிச்சைக்குப் போகிறார்கள். ஒரு வீட்டில், "நீங்கள் லட்சுமி கொண்டுவருகிற பிள்ளைகளா?" என்கிற மாதிரி கேட்கிறார்கள். அன்றைக்கு அப்படிச் சொல்லிக்கொண்டு வருவது அங்கே வழக்கமாம். இவர், "இல்லை, நாங்கள் பிச்சைக்காரர்கள்" என்கிறார். தம்பி முந்திக்கொண்டு, "ஆமாம், லட்சுமிப் பிள்ளைகள்தான்" என்கிறான். தம்பிக்குச் சோறும் ஒரு துண்டு கறியும் கிடைக்கிறது. மறுநாள் இவர் பிச்சைக்குப் போக மறுத்துவிட்டாராம். பிறகு நிலக்கரிச் சுரங்கம், அணை வேலை, பதினேழு பதினெட்டு வயதில் பட்டாளம். நீங்களும் அந்த வயதில்தானே அல்சூர் பட்டாள முகாமில் போய்ச் சேர்ந்தீர்கள்?

ஏன் இந்தப் புத்தகம் என்று கேட்டீர்கள். பதிப்பகத்தில் சேஷகிரி சார் நாலு புத்தகங்களை மேசையில் வைத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சீனா என்ற வார்த்தையைப் பார்த்ததும் கை இதற்குத்தான் போனது. நீங்கள் இருந்த இடத்தைப் பற்றி ஏதாவது வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபடி சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போயிருப்பீர்கள்.

சோஃபி


பிரேசர் டவுன்
2 பிப்ரவரி 1992

அன்புள்ள சோஃபி,

உன் கடிதத்தை மம்மி சத்தமாகப் படித்தாள். அப்புறம் நான் தனியாகப் படித்தேன். ஒன்றும் தெளியவில்லை. இத்தனை வருஷம் ஒரு முகத்தை வெறுத்துக்கொண்டிருந்தேன். அது இவன் முகம் இல்லை என்கிறாய். அப்படியானால் எந்த முகம்? எனக்குத் தெரிந்த சீன முகம் உண்மையில் ஒன்றே ஒன்றுதான். அதை நான் வெறுக்கவும் இல்லை.

நீ கேட்டதால் எழுதுகிறேன். மம்மிக்கும் இதில் பாதி தெரியாது.

எங்கள் சாப்பர் கம்பெனியை ஓர் ஆற்றின் மேல் மரப்பாலம் போட அனுப்பினார்கள். 1962 அக்டோபர் மாதம். உடம்பில் பருத்திச் சட்டை, காலில் கான்வாஸ் ஷூ. பாலம் முடியுமுன் சீனர்கள் வந்துவிட்டார்கள். பிடிபட்டவர்களை மலைக்கு மேலே, கணவாய் தாண்டி, நடக்கவைத்துக் கூட்டிப்போனார்கள். ஷூ நைந்துபோனது. கால் மரத்துப்போனது. பிறகு காய்ச்சல். எங்கே விழுந்தேன், யார் தூக்கினார்கள், தெரியாது.

கண் விழித்தது திபெத்தில், லாமாக்களின் பழைய மடம் ஒன்றில். என் காலில் தோல் பூட்ஸ் இருந்தது. நம் பட்டாள பூட்ஸ். பக்கத்தில் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார். மிஸ்டர் லீ என்போம். உடைந்த இந்தி பேசுவார். கொரியா யுத்தத்தில் அடிபட்டு ஒரு காலை இழுத்து நடப்பார். பிடுங்கி வைத்த சாமான் குவியலிலிருந்து அவர்தான் எனக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு விரல்கள் போயின, ஆனால் கால் மிஞ்சியது. அந்த பூட்ஸ் இல்லை என்றால் நீ பிறந்திருக்கமாட்டாய்.

அவர் எங்களுக்கு வகுப்பு எடுப்பார். அவர்கள் படை எப்படி ஜெயித்தது, யார் யாரை அடித்தது என்று. ஒரு நாள் கொரியாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நம்ம சண்முகம், ஜீவனஹள்ளி சண்முகம் அங்கிள்தான், எழுந்து நின்று, "கொரியாவில் உங்கள் தளபதி யார்?" என்று கேட்டான். சும்மாதான் கேட்டான். அந்த மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். வாசலில் நின்ற காவல்காரனைப் பார்த்தார். "பலர் இருந்தார்கள்" என்றார். அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது. மேசையிலிருந்த புத்தகத்தைக்கூட எடுக்காமல் அவர் வெளியே போனதை நானும் பார்த்தேன், சண்முகமும் பார்த்தான்.

எந்தச் சிப்பாய்க்காவது தன் தளபதி பெயர் மறக்குமா? உன் புத்தகத்தில் அது இருக்கிறதா? இருந்தால் எழுது. வேலையை விடச் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

டாடி


மெட்ராஸ்
20 பிப்ரவரி 1992

டாடி,

உங்கள் கடிதத்தை ஆபீசில் பிரித்தேன். படித்து முடித்துவிட்டு பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன்.

கொரியாவில் அவர்கள் தளபதி பெங் தெஹுவாய். இவரேதான். உங்கள் மிஸ்டர் லீ மறந்துபோகவில்லை. அந்தப் பெயரை அவர் மரியாதையாகச் சொல்ல முடியாத காலம் அது.

நடந்தது இது. 1958ல் மாவோ ஒரே பாய்ச்சலில் நாட்டை முன்னேற்றுவதாகத் தொடங்கினார். வயலை விட்டுவிட்டு ஜனங்கள் கொல்லைப்புற உலைகளில் இரும்பு உருக்கினார்கள். விளைச்சல் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று கீழே இருந்தவர்கள் பொய்க்கணக்குக் கொடுத்தார்கள். பெங் தன் ஊருக்குப் போய்ப் பார்த்தார். ஜனங்கள் பட்டினி. மறு வருஷம் லூஷான் மலையில் தலைவர்கள் கூட்டம். அங்கே அவர் மாவோவுக்குத் தனிப்பட்ட கடிதம் ஒன்று எழுதினார். மரியாதையான கடிதம்தான், டாடி. முதலில் சாதனைகளைச் சொல்லிவிட்டு, பிறகு தவறுகளைச் சொல்கிறது. மாவோ அதை அச்சடித்து எல்லோருக்கும் விநியோகித்தார். முப்பது வருஷம் தோளோடு தோள் நின்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து இவரைத் திட்டினார்கள். இவர் கடைசியில் தானே தன்மேல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அந்த இடத்தில்தான் நான் பல நாளாக நிற்கிறேன். பிச்சைக்காரன் என்று உண்மை சொன்ன பையன், அறுபது வயதில் ஏன் ஒப்புக்கொண்டார்? கட்சி உடையக்கூடாது என்பதற்காகவா? பயமா? புத்தகம் ஒரு காரணம் சொல்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தோட்டத்து வீட்டில் ஒரு துண்டு நிலத்தில் கோதுமை விதைத்து, களை பறித்து, குருவி விரட்டி, உண்மையில் எவ்வளவு விளையும் என்று நிறுத்துப் பார்த்தாராம். ஊரெல்லாம் சொன்ன கணக்குக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. அவர் மனைவிக்கு வேலை செய்யும் இடத்தில் நெருக்கடி. விவாகரத்து கேட்டாள். ஒரு பேரிக்காயை இரண்டாக வெட்டி வைத்தார்களாம். அவர்கள் பாஷையில் பேரிக்காயைப் பங்கிடுவதும் பிரிவதும் ஒரே சத்தம். அவள் தன் பாதியைச் சாப்பிட்டாள். அவர் சாப்பிடவில்லை.

இன்னொன்று. கொரியாவுக்கு அவர் கூட்டிப்போன சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பனியில் உறைந்து செத்தார்கள். அவர்கள் காலிலும் கான்வாஸ் ஷூதான்.

சோஃபி


பிரேசர் டவுன்
15 மார்ச் 1992

அன்புள்ள சோஃபி,

கான்வாஸ் ஷூ என்று எழுதியிருந்தாயே, அதற்குமேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. எழுந்து கோல்ஸ் பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மீதியைப் படித்தேன்.

உன் தளபதியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று மேலே இருப்பவனிடம் சொன்னானே, அதற்கு ஒரு சல்யூட். ஆனால் தன் பையன்களை அந்த ஷூவோடு பனிக்குள் அனுப்பியவனும் அவன்தானே? அனுப்பும்போது அவனுக்குத் தெரியுமா? எங்களை அனுப்பியவர்களுக்குத் தெரியுமா? தெரிந்து அனுப்புவது பெரிய பாவமா, தெரியாமல் அனுப்புவது பெரிய பாவமா? ஃபாதரிடம் கேட்டேன். தவக்காலத்தில் இப்படியெல்லாம் யோசிப்பது நல்லதுதான் என்றார். 

மம்மிக்கு அந்தப் பேரிக்காய்க்காரிமேல் கோபம் இல்லை. "பாவம், அவளுக்கும் பசிச்சிருக்கும்" என்கிறாள்.

நாங்கள் திரும்பி வந்ததும் வடக்கே ஒரு முகாமில் வைத்து எல்லோரையும் விசாரித்தார்கள். அது வழக்கம். நல்ல அதிகாரிதான், டீ கொடுத்தார். அங்கே யாராவது உன்னிடம் இரக்கம் காட்டினார்களா என்று கேட்டார். ஆமாம் சார், மொழிபெயர்ப்பாளர் பூட்ஸ் கொடுத்தார் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை வெளியே எங்கும் சொல்லாதே தம்பி, உன் நல்லதுக்குத்தான்" என்றார். எனக்கு ஒரு தண்டனையும் வரவில்லை. ஆனால் அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பெங்களூர் வந்து சேருமுன் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. சைனாக்காரன் பூட்ஸ் போட்டவன், சைனா ஓஸ்வால்ட். அதிலிருந்துதான் நான் பேசுவதை நிறுத்தினேன்.

உன் தளபதி அப்புறம் என்ன ஆனான்? எழுது.

டாடி


மெட்ராஸ்
9 ஏப்ரல் 1992

அன்புள்ள டாடி,

முடிவு நல்லதாக இல்லை. கலாசாரப் புரட்சியில் மாணவப் பையன்கள் வந்து இழுத்துப்போனார்கள். கழுத்தில் அட்டை மாட்டி மைதானத்தில் நிறுத்தினார்கள். விலா எலும்பு உடையும்வரை அடித்தார்கள். சிறையில் உன் வாழ்க்கையை எழுது, உன் குற்றங்களை எழுது என்று திரும்பத் திரும்ப எழுதவைத்தார்கள். இந்த முறை அவர் லூஷான் மலையில் ஒப்புக்கொண்டதைப்போல ஒப்புக்கொள்ளவில்லை. 1974ல் புற்றுநோயில் செத்தார். சாம்பலை வேறொரு பெயர் போட்ட பெட்டியில் வைத்து எங்கோ அனுப்பிவிட்டார்கள். நாலு வருஷம் கழித்து, அவர்மேல் சொன்னதெல்லாம் தவறு என்று கட்சியே அறிவித்தது. பேரிக்காய் சாப்பிட்ட மனைவிதான் பிறகு அவர் எழுதியவற்றைப் புத்தகமாக்க உதவினாள்.

மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது. இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் முன்னுரையில் உங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். வகுப்பில் சண்முகம் அங்கிள் கேட்ட கேள்வி, மிஸ்டர் லீயின் மௌனம், அவர் கொடுத்த பூட்ஸ். சேஷகிரி சார் படித்துவிட்டு, புத்தகத்திலேயே இதுதான் நல்ல பக்கம் என்றார். அச்சகத்தில் எழுத்துக் கோத்தாகிவிட்டது. உங்கள் பெயரைப் போடவில்லை, "என் தந்தை" என்று மட்டும். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம்.

அந்தத் தெருவில் உங்களைக் கேலி செய்தவர்கள் படிக்கட்டும், டாடி. சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

சோஃபி


பிரேசர் டவுன்
17 ஏப்ரல் 1992, பெரிய வெள்ளி

சோஃபி,

அச்சடிக்காதே. நிறுத்தி வை.

பெருமை தாங்காமல் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜீவனஹள்ளிக்குப் போய் சண்முகத்திடம் படித்துக் காட்டினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பூட்ஸ் என்ற இடம் வந்ததும் எழுந்து உள்ளே போனவன் வெளியே வரவில்லை. அவன் பெண்சாதி வந்து, "அவருக்கு மேலுக்கு முடியல அண்ணா, நீங்க போங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நிறுத்து.

டாடி


மெட்ராஸ்
27 ஏப்ரல் 1992

டாடி,

நிறுத்தச் சொல்லிவிட்டேன். சேஷகிரி சார் என்னோடு பேசுவதில்லை. முன்னுரைப் பக்கங்கள் உள்ள முதல் பாரத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை ஓட்டுகிறார். மே மாதத்துக்குள் முன்னுரை வராவிட்டால் வெறும் பக்கத்தோடு கட்டிவிடுவதாக அச்சக ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கிற மாதிரி.

என்ன நடந்தது? நான் யாருக்காவது கெடுதல் செய்துவிட்டேனா? சண்முகம் அங்கிள் தன் வேலைக்கு, பென்ஷனுக்கு ஏதாவது பயப்படுகிறாரா? நீங்களும் எழுதவில்லை, மம்மி ஃபோனில் "எல்லாம் சரியாகும்" என்கிறாள். எது சரியாக வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை.

சோஃபி


பிரேசர் டவுன்
9 மே 1992

அன்புள்ள சோஃபி,

நீ யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. சண்முகம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டுக்கு வந்தான். பொம்மசந்திரா ஃபாக்டரியில் வாட்ச்மேன் டியூட்டி முடித்து, அந்தக் காக்கிச் சட்டையோடேயே வந்தான். மம்மி இட்லி வைத்தாள், தொடவில்லை. அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன். உனக்கு வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது.

"ஓஸ்வால்ட்டு, அந்த பூட்ஸ அந்த லீ குடுக்கல. நான் போட்டுவுட்டேன்" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். "ஏண்டா, இத்தினி வருசம் கழிச்சி இன்னாடா சொல்ற?"

"ஸ்டோர்ல இருந்தான் பாரு, அப்பாதுரை. கோலார் பையன். நம்மள்ல அவன் கால்ல மட்டுந்தான் தோல் பூட்ஸ் இருந்திச்சி. கணவாய்ல ஒரு திருப்பத்துல உக்காந்தான், எந்திரிக்கல. உன்ன நான் தோள்ல போட்டுக்கினு கடைசியா வரேன். உன் காலு கருத்துப்போச்சி. அவன் கால்லேருந்து கழட்டி உனக்கு மாட்டிட்டேன். நீ கண்ணு முழிச்சதும் லீ குடுத்தார்ன்ன. சரி, அப்பிடியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"செத்தவன் கால்லேருந்துதானே எடுத்த? அதுல இன்னாடா தப்பு?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. மம்மியைப் பார்த்துச் சொன்னான். "செத்துட்டானா இல்லியான்னு எனக்குத் தெரியாது மௌரீனம்மா. குனிஞ்சேன். மூச்சு வந்த மாதிரியும் இருந்திச்சி, காத்து மாதிரியும் இருந்திச்சி. பின்னாடி துப்பாக்கிக்காரன் தள்றான். கழட்டிட்டேன். விசாரணையில அப்பாதுரைய பாத்தியான்னு கேட்டாங்க. பாக்கலன்னேன்."

அப்பாதுரையின் பெயர் காணாமல்போனவர்கள் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். செத்தான் என்று யாரும் சொல்லாததால் அவன் வீட்டில் இன்னும் திதி கொடுக்கவில்லை என்று சண்முகம் கேள்விப்பட்டிருக்கிறான். தாய் தகப்பன் போய்விட்டார்கள். தங்கை ஒருத்தி கோலார் தங்கவயலில், உரிகத்தில் இருக்கிறாளாம். அண்ணன் சீனாவில் எங்கோ குடும்பமாக இருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. சண்முகத்தின்மேலா, என்மேலா, லீயின்மேலா, தெரியவில்லை. "டேய், ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கோயில்ல அந்த லீக்காக வேண்டிக்கிட்டிருக்கேன்டா, முப்பது வருசமா" என்று கத்தினேன். அவன் தலையைத் தூக்கி, "எனக்காக ஒரு தபா வேண்டிக்கினியா?" என்று கேட்டான்.

நான் வேண்டிக்கொண்டதில்லை, சோஃபி. பக்கத்திலேயே இருக்கிறான், இவனுக்கு என்ன குறை என்று நினைத்திருப்பேன். கணவாயில் என்னைத் தோளில் சுமந்தவனை, வாரத்துக்கு ஒரு முறை சீட்டாடக் கூப்பிடுகிறவனாக மட்டும் வைத்திருந்தேன். அவன் பொய் சொன்னதும் எனக்காகத்தான். அந்தப் பொய்யில் ஒரு குடும்பம் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. நான் நடக்கிற ஒவ்வொரு அடியும் யாருடைய அடி என்று நினைத்தால் தலை சுற்றுகிறது. லீ நல்லவரா என்றுகூட இப்போது எனக்குத் தெரியாது. ஆனால் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதை யாரும் மாற்ற முடியாது.

உன் தளபதி எதற்காக ஒப்புக்கொண்டார் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. ஆனால் மனிதர்கள் உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்குப் பயம் மட்டும் காரணமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

முன்னுரையிலிருந்து பூட்ஸை எடுத்துவிடு. சண்முகத்தின் கேள்வியும் லீயின் மௌனமும் இருக்கட்டும். அதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் இருக்கிறது. "என் தந்தை" என்று போடாதே. ஓஸ்வால்ட் என்றும் சண்முகம் என்றும் பெயர் போடு. அவன் சம்மதித்துவிட்டான். சேஷகிரி சாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நாளைக் காலை நானும் சண்முகமும் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் கோலார் தங்கவயல் ரயில் ஏறுகிறோம். மம்மியும் வருகிறேன் என்கிறாள். பெண்பிள்ளை ஒருத்தி கூட இருந்தால் அந்த அம்மாளுக்கு ஆதரவாக இருக்கும் என்கிறாள். போய் என்ன சொல்வதென்று மூன்று பேரும் பேசிப் பார்த்தோம். உன் அண்ணன் செத்துவிட்டான் என்று சொல்வதா? அதுவே எங்களுக்கு நிச்சயமில்லையே. செத்திருப்பான் என்றா? சண்முகம், "நான் பாத்தத மட்டும் சொல்றேன், மூச்சு பத்தியும் சொல்லிடுறேன், அந்தம்மா அடிச்சாலும் வாங்கிக்கிறேன்" என்கிறான். மூச்சைப் பற்றிச் சொல்லாதே என்று மம்மி கெஞ்சுகிறாள். யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்கிறார்கள்.

 யோசிக்க ரயிலில் மூன்று மணி நேரம் இருக்கிறது.

டாடி